நிறைகுடத்தைக் குடித்தவள்

கைராசி என்பது ஊர் தானாகத் தூக்கித் தரும் பட்டம். விண்ணப்பித்து வாங்கவும் முடியாது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. எனக்கு அது ஒரு பணிஸால் வந்தது.

வேலணைச் சந்தியில் ஒரு பேக்கரி திறந்த அன்று, காலைச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நான், பசி தாங்காமல் ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு பணிஸ், அதாவது பன், வாங்கினேன். அதுதான் அந்தக் கடையின் முதல் வியாபாரமாம். பேக்கரி ஓகோவென்று ஓடி, பக்கத்துக் கடையையும் பிடித்துவிட்டது. அடுத்து ஊர்காவற்றுறைத் துறையடியில் ஐஸ்கிறீம் கடை திறந்தவர்கள் என்னைத் தேடி வந்து கூட்டிப்போய் முதல் கோப்பையைக் கையில் தந்தார்கள். அதுவும் ஓடியது. (திறந்தது சித்திரை வெயிலில். வெறும் ஐஸ்கட்டி விற்றிருந்தாலும் ஓடியிருக்கும். இதைச் சொன்னால் கேட்க ஆளில்லை.)

அந்த நேரம் பார்த்துத்தான் தீவுப்பகுதியில் சாப்பாட்டுக் கடைகள் மழைக்குப் பிறகு புல் முளைப்பதுபோல முளைத்துக்கொண்டிருந்தன. வீதி நல்லதாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கடல் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். கொத்துரொட்டிக் கடை, ஜூஸ் கடை, பிறைட் றைஸ் கடை என்று எது திறந்தாலும் நல்ல நேரத்தில் முதல் வாய் வைப்பது கணக்கு ரீச்சர் சுபாவின் கடமையாகிவிட்டது. அலுத்துக்கொள்வதுபோல நடித்தாலும் எனக்குத் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று என் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை என் கணவர் கண்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் உடைக்கக்கூட என் கையிடம் அனுமதி கேட்டார்.

இப்படியிருக்கும்போது பெரியம்மாவின் மகன் ரஞ்சன் அண்ணை ஊர்காவற்றுறையில் நண்டுக்கடை திறக்கப்போவதாக வந்து சொன்னார். கட்டாரில் வருடக்கணக்காக லொறி ஓட்டியவர். அவர் திரும்பி வந்து இறங்கிய அன்று சொந்த மகளே அவரை 'மாமா' என்று கூப்பிட்டாளாம். அதைக் கேட்ட பிறகுதான் இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து, சேர்த்த எல்லாவற்றையும் அந்தக் கடையில் கொட்டியிருந்தார்.

"வாற புதன்கிழமை நீ வந்து ஒரு வாய் வச்சாக் காணும், சுபா," என்றார். "இது ஓடாட்டி நான் திரும்பப் போகத்தான் வேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓம் என்று சொன்னேன்.

அதே கிழமை எங்கள் பள்ளிக்கூட அதிபரும் மனைவியும் வெற்றிலைத் தட்டத்தோடு வந்தார்கள். வேலணையில் சைவக் கடை. தோசை, வடை, நெய்த்தோசை. அதே புதன்கிழமை, பள்ளிக்கூட விடுமுறை நாள். அதிபரிடம் ஏலாது என்று சொல்ல எந்த ரீச்சருக்குத் துணிவு வரும்? அதற்கும் ஓம்.

நான் அவ்வளவு மொக்கு இல்லை, கணக்குப் போட்டுத்தான் ஓம் சொன்னேன். எங்கள் ஊரில் பஞ்சாங்கம் இரண்டு, வாக்கியம், திருக்கணிதம். இரண்டும் பார்ப்பது ஒரே வானத்தை, ஆனால் ஒத்துப்போவதென்பது அபூர்வம். (ஒரே சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் வீட்டில் இரண்டு தரம் மருத்துநீர் வைத்துக் குளித்திருக்கிறோம்.) ரஞ்சன் அண்ணை வீடு பரம்பரை வாக்கியம். அதிபர் வீடு அசையாத திருக்கணிதம். ஆகவே இரண்டு நல்ல நேரத்துக்கும் இடையில் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது கிடைக்கும். தோசையை முடித்துவிட்டு ஆறுதலாக நண்டுக்குப் போகலாம். இதுதான் பட்டதாரி ஆசிரியையின் திட்டம்.

செவ்வாய் பின்னேரம் அதிபரின் மனைவி ரெலிபோன் எடுத்தார்.

"ரெண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போற நேரமாப் பாத்து வச்சிருக்கிறம், ரீச்சர். ஒருத்தரும் குறை சொல்லேலாது. ஒன்பதரையிலயிருந்து பத்து மணிக்குள்ள."

உடனே ரஞ்சன் அண்ணைக்கு எடுத்தேன். அவரும் இந்த முறை எந்தப் பிழையும் வரக்கூடாதென்று இரண்டு பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்திருந்தார். அந்த நாளில் இரண்டும் ஒத்துப்போன ஒரே அரை மணித்தியாலம் அதுதான்.

புதன் காலை ஒன்பதரைக்கு நான் வேலணையில் தோசையைப் பிய்த்துக் கையில் வைத்திருந்தேன். வாயில் வைக்க முடியவில்லை. அதிபர் உரையாற்றத் தொடங்கியிருந்தார். காலைப் பிரார்த்தனையில் பேசுவதுபோல, ஒழுக்கத்தில் தொடங்கி உணவின் தூய்மை வழியாக முன்னோரிடம் போனார். நான் தோசையும் கையுமாக நின்றேன். முன்னோரிடமிருந்து அவர் திரும்பி வந்த இடைவெளியில் தோசையை வாயில் போட்டு, "அருமை" என்று சொல்லி, வீட்டில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேன் என்று ஒரு பொய்யையும் போட்டு ஸ்கூட்டியில் ஏறினேன். ஊர்காவற்றுறை வீதியில் அவ்வளவு வேகமாக நான் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போனதில்லை.

கடை வாசலில் சனம். வெள்ளைத் துணி விரித்த மேசையில் நிறைகுடம், அதன்மேல் மாவிலையும் தேங்காயும், இரு பக்கமும் குத்துவிளக்கு. அதற்கு அருகில் புது வேட்டியோடு ரஞ்சன் அண்ணை, மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து முகம் வெளிறி நின்றார். மச்சாள், அதாவது அவருடைய மனைவி, கனடாவில் இருக்கும் தன் தம்பிக்கு வீடியோ கோலில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தா. பத்து மணிக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

என்னை உள்ளே கதிரையில் இருத்தி நண்டுக்கறியை வைத்தார்கள். ரஞ்சன் அண்ணை கட்டாரில் ஒரு அறை நிறைய ஆம்பிளையளுக்குச் சமைத்துப் பழகியவர் என்பதை நான் யோசிக்கவில்லை. அவர்களுக்கு எவ்வளவு தூள் போட்டாலும் உறைப்புக் காணாதாம். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமலே, ஒரு பெரிய சதைத் துண்டைக் குழம்போடு வாயில் போட்டேன்.

புரையேறிவிட்டது. உறைப்புத் தொண்டையிலிருந்து மூக்குக்கும், மூக்கிலிருந்து மூளைக்கும் போனது. கண்ணாலும் மூக்காலும் தாரை தாரையாக வடிந்தது. 'தண்ணி' என்று கேட்க வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. மேசையில் தண்ணீரில்லை. (கோப்பைகளை எல்லாம் குசினியில் அழகாக அடுக்கி வைத்திருந்தார்களாம்.) எழுந்து வாசலுக்கு ஓடினேன். என் கண்ணுக்குத் தெரிந்த ஒரே தண்ணீர் அங்கேதான் இருந்தது.

தேங்காயைத் தூக்கி எறிந்தேன். மாவிலையைப் பிடுங்கினேன். நிறைகுடத்தை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து மடமடவென்று குடித்தேன்.

குடத்தை இறக்கியபோது தேங்காய் வீதியில் உருண்டுகொண்டிருந்தது. அதைத் துரத்தி ஓடிய ரஞ்சன் அண்ணை பஸ்ஸுக்கு முன்னால் கையைக் காட்டி மறித்து, குனிந்து எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம், "நிறைகுடத்தையே குடிச்சுப்போட்டாள்," என்று மெதுவாகச் சொன்னார். மச்சாள் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. அந்த மனிசன் திரும்பவும் விமானம் ஏறுவார், அதற்கு நான்தான் காரணமாக இருப்பேன் என்று நினைத்து, வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதேன்.

கனடாத் தம்பி சும்மா இருக்கவில்லை. வீடியோ கோலை முழுவதும் பதிவுசெய்து குடும்பக் குழுவில் போட்டிருந்தார். அது பிரான்சுக்குப் போய், லண்டனுக்குப் போய், இரவுக்குள் வேலணைக்கே திரும்பி வந்து அதிபரின் கைப்பேசியிலும் ஏறியது. அடுப்பில் வைத்த பால் என்ன ஆனது என்று அவர் அடுத்த நாள் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கடை வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ரீச்சரை நிறைகுடம் குடிக்கவைத்த கறியைத் தாங்களும் சாப்பிட்டு, கண்கலங்காமல் எழும்பிக் காட்டவேண்டும் என்று யாழ்ப்பாணத்து இளந்தாரிகள் வந்திருந்தார்கள். ஒருவரும் கலங்காமல் எழும்பவில்லை. ரஞ்சன் அண்ணை தூளைக் குறைக்கப் பார்த்தார், வந்தவர்கள் விடவில்லை. அவர் ஊரோடுதான் இருக்கிறார். கடையின் சாப்பாட்டுப் பலகையில் முதல் வரியே 'ரீச்சர் நண்டு'. ஆறாம் வகுப்புக்கு வரும் புதுப் பிள்ளைகள் முதல் நாளே என்னிடம், "நீங்களோ ரீச்சர் அந்த நண்டு?" என்று கேட்கிறார்கள்.

அதிபரின் சைவக் கடை ஏனோதானோவென்றுதான் போகிறது. அவருடைய மனைவி கோயிலில் கண்டால் என்னோடு நன்றாகக் கதைப்பா, ஆனால் போகும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டா: "எங்கட கடையிலயும் ஒரு குடம் வச்சிருந்தனாங்கள், ரீச்சர்."

போன மாதம் புங்குடுதீவில் ஒரு இடியப்பக் கடை திறப்புவிழாவுக்குக் கூப்பிட்டார்கள். இடியப்பமும் சொதியும், குழந்தைப் பிள்ளை சாப்பிடும் உறைப்பு. ஒரு வாய் வைத்துவிட்டு நன்றாக இருக்கிறதென்று எழும்பினேன். ஒருவரும் கைதட்டவில்லை. எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் முன்வரிசையில் நின்றார்.

கடைக்காரர் காதருகே குனிந்து, "ஒரு மிடறு மட்டும், ரீச்சர்," என்றார்.

நான் வாசலுக்குப் போய், தேங்காயைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டுக் குடத்தை எடுத்தேன். உள்ளே தண்ணீரில்லை, நல்ல குளிரான நெல்லிக்கிறஷ் சர்பத்.