ஹாரன் மாஸ்டரின் நோன்பு

வண்டியின் முன்சக்கரம் நடைபாதை மேல் ஏறி, பெட்டிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்த நாற்காலியை லேசாக உரசிக்கொண்டு நின்றது. மாஸ்டர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இவ்வளவுதான் சொன்னார்:

"பரவாயில்ல தம்பி. பதறாம ரிவர்ஸ் போடுங்க."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கிக் குமாஸ்தா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். நடைபாதையில் ஏறுவது அவருக்குப் பழகிப்போன விஷயம். வாரா வாரம் ஏறுகிறார். மாஸ்டர் இப்படிப் பேசுவதுதான் பழக்கமில்லாத விஷயம்.

"மாஸ்டர், உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்லையே."

"என்னைத் திட்டவே இல்லையே நீங்க?"

"திட்டி என்ன ஆகப்போகுது தம்பி? இருக்கப்போறது கொஞ்ச காலம்."

குமாஸ்தா அதற்கு மேல் வண்டி ஓட்டவில்லை. கீழே இறங்கி, மாஸ்டருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பெட்டிக்கடைக்காரர், தன் நாற்காலி பிழைத்ததைக்கூட மறந்துவிட்டு, மாஸ்டரின் முகத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டருக்கு ஊரில் ஹாரன் என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் நிஜமான ஹாரன் ஒன்று இருந்தது. அதை யாரும் அமுக்கியதில்லை, தேவைப்பட்டதில்லை. "ஏய், கிளட்ச்!" என்று அவர் உள்ளே இருந்து ஒரு குரல் கொடுத்தால் முன்னால் போகிற லாரி ஒதுங்கி வழிவிடும். அவரிடம் படித்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் ஓட்டினார்கள். தப்பு செய்தால் காதுக்குள் அவர் குரல் கேட்கும் என்ற பயம் அவர்களை விட்டுப் போவதே இல்லை.

அப்பேர்ப்பட்ட தொண்டைக்குப் பூட்டுப் போட்டது, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்.

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து ஃபாதர் கேட்டார்: "வருஷா வருஷம் கறியை விடுறீங்க, இனிப்பை விடுறீங்க. உங்க நாக்கை எப்ப விடப்போறீங்க?" மாஸ்டருக்குச் சுருக்கென்றது. அவர் குரலுக்குப் பயந்து மகள் பக்கத்து ஊருக்குப் போய் வேறொரு ஸ்கூலில் வண்டி கற்றுக்கொண்ட விஷயம் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. ஈஸ்டர் மணி அடிக்கிற வரைக்கும் யாரிடமும் குரல் உயர்த்துவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். இந்த ஒரு தவக்காலத்தையாவது உருப்படியாக முடித்து, மகளுக்கு போன் போட்டு, "அப்பா மாறிட்டேன்மா" என்று சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஃபாதர் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொண்ணு. நோன்பு இருக்கேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காதீங்க. கட்டின மனைவிக்குக்கூடத் தெரிய வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சாப் போதும்" என்று மேலே கையைக் காட்டினார். மாஸ்டர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஒரு மனிதன் கத்தாமல் இருக்கலாம். ஆனால் கத்தல் உள்ளே வந்து தொண்டையில் நிற்கிறதே, அதை என்ன செய்வது? அந்த இடத்தில் ஒரு ஜெபத்தைப் போட்டு அடைப்பது என்று அவர் கண்டுபிடித்தார். ரவுண்டானாவில் எதிர்ப்பக்கமாகத் திரும்பிய ஒரு தையல்காரம்மாவிடம் அதைப் பரீட்சித்தும் பார்த்தார். கத்தல் வந்தது. கண்ணை மூடினார். "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று முணுமுணுத்தார்.

பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடி ஆண்டவரைக் கூப்பிட்டால் ஓட்டுகிறவர் என்ன நினைப்பார்? தையல்காரம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்ததால் இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

சரி, வாய்விட்டுச் சொல்வதால்தானே வம்பு என்று மறுநாளில் இருந்து சட்டைப்பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை உருட்டினார். அதைத் தையல்காரம்மா பார்த்துவிட்டு, அளவெடுக்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்: "கை எப்பவும் நெஞ்சுப் பக்கமே இருக்கு. வலிக்குது போல. பாவம், சொல்ல மாட்டேங்குறாரு."

டிரைவிங் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் நல்ல மனிதர், ஆனால் எதையும் நேராகக் கேட்கத் தெரியாதவர்.

"மாஸ்டர், இந்த மின்விசிறி நல்லாச் சுத்துதா?"

"சுத்துதுங்க."

"நாற்காலி வசதியா இருக்கா?"

"இருக்குங்க."

"உங்களுக்கு ஏதோ... ஊர்ல பேசிக்கிறாங்க."

"எனக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்றார் மாஸ்டர் மெதுவாக. பழைய மாஸ்டராக இருந்தால் இதே வாக்கியத்தில் மேஜை மேல் இருக்கிற தண்ணீர் ஆடியிருக்கும். முதலாளி தண்ணீரைப் பார்த்தார். அது அசையவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். குளியலறையில் இருந்து "துண்டு!" என்று அதட்டுகிறவர், சொட்டச் சொட்ட நனைந்தபடி தானே வந்து எடுத்துக்கொண்டு போனார். மனைவி கவனக்குறைவாகக் காபியில் சர்க்கரை போட மறந்த அன்று, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருந்தது" என்றார். அவள் டம்ளரை வாங்கி, அடியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படியே சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, என்கிட்ட மறைக்காதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

"எந்த டாக்டர்?"

"நீங்க கத்தி எத்தனை நாளாச்சு தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரங்க நாம ஊருக்குப் போயிட்டோமான்னு கேக்குறாங்க."

மாஸ்டருக்கு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனி வரை வந்தது. ஃபாதர் மேலே கையைக் காட்டியது நினைவுக்கு வந்தது. பொய்யும் சொல்லக் கூடாது, மெய்யும் சொல்லக் கூடாது.

"எல்லாம் ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

இதைவிட மோசமான பதிலைத் தேடினாலும் கிடைக்காது. அன்று இரவே அவள் தன் தங்கைகளுக்கெல்லாம் போன் போட்டு அழுதாள்.

மனைவியின் பயத்தைத் தீர்க்க ஒரே வழி என்று, மாஸ்டர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலை முதல் கால் வரை பரிசோதித்துக்கொண்டு வந்தார். டாக்டர் அவர் நெஞ்சைத் தட்டி, "குதிரை மாதிரி இருக்கீங்க" என்றார். அதை அப்படியே வந்து சொன்னார்.

"டாக்டர் உங்ககிட்ட அப்படித்தான் சொல்லுவாரு" என்றாள் மனைவி. "நோயாளிகிட்ட யாராவது நேரா சொல்லுவாங்களா?"

அவர் ஆஸ்பத்திரிப் படி ஏறியதைப் பெட்டிக்கடைக்காரர் பார்த்திருந்தார். அப்புறம் கேட்க வேண்டுமா? வீட்டுக்கு ஆரஞ்சு வர ஆரம்பித்தது. ஆப்பிள் வந்தது. பழைய மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து, காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு, "மாஸ்டர், நீங்க அன்னைக்கு என்னை 'எருமை'ன்னு சொன்னது நல்லதுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாஸ்டரோ வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுகிறவர். அந்தப் பழங்களைத் தொடவில்லை. தவக்காலத்தில் தானம் செய்வதும் நல்லதுதானே என்று பழங்களைக் கூடையோடு தூக்கி ஏழைகளுக்குக் கொடுத்தார். பீரோவைத் திறந்து, போடாமல் கிடந்த சட்டைகளையும் மழைக்கோட்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

சாப்பாடு இறங்கவில்லை, ஜெபமாலையும் கையுமாக இருக்கிறார், சாமான்களைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார். ஊருக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக அவர் ஃபாதரிடமே ஓடினார். இந்த ரகசிய நிபந்தனையை மட்டும் கொஞ்சம் தளர்த்தும்படி கேட்கலாம் என்று எண்ணம்.

"ஃபாதர், ஒரு விஷயத்தை மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டு..."

"எனக்குத் தெரியும்பா" என்று ஃபாதர் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எல்லாம் கேள்விப்பட்டேன். தைரியமா இரு. தினமும் பூசையில உன் பேரைச் சொல்றேன்." தலையில் கை வைத்து நீளமாக ஆசீர்வதித்தார். அது முடிவதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

புனித வாரம் பிறந்ததும் முதலாளி மறுபடி கூப்பிட்டார். இந்த முறை மின்விசிறியைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாஸ்டர், பண்டிகை முடிஞ்சதும் புது மாஸ்டர் ஒருத்தர் வர்றாரு. நீங்க ஓய்வெடுக்கணும். நம்ம பிள்ளைங்க உயிரும் முக்கியம் பாருங்க. நேத்து ஒருத்தன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிருக்கான். கேட்டா, 'மாஸ்டர் சிரிச்சாரு, சரின்னு நினைச்சேன்'ங்குறான்."

அந்த வண்டியில்தான் மாஸ்டரின் வாழ்க்கையே ஓடியிருக்கிறது. ஒரே ஒரு தடவை, "யாருக்கு ஓய்வு?" என்று பழைய குரலில் கேட்டால் போதும், வேலை தப்பிவிடும், ஆனால் நோன்பு போய்விடும். தொண்டை வரை வந்ததை விழுங்கினார்.

"உங்க இஷ்டங்க" என்றார்.

"இந்த வாரத்துக்கு ஒரே ஒரு ஆள்தான். புதுசா சேர்ந்த ஒரு அம்மா. மெதுவாச் சொல்லிக் கொடுங்க, போதும்" என்றார் முதலாளி.

புது அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வண்டியில் ஏறும்போதே பின்சீட்டில் ஏறினார். முன்னால் வரச் சொன்னதும் வந்து, சீட் பெல்ட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"எது சார் பிரேக்?"

"நடுவுல இருக்கிறதும்மா."

"நடுவுலன்னா ரேடியோவா?"

மாஸ்டர் ஜெபமாலையைத் தேடினார். அந்த அம்மா இடதுபக்கம் திரும்ப வைப்பரைப் போட்டார். நிறுத்தச் சொன்னால் கண்ணாடியை இறக்கி ஆட்களிடம் வழி கேட்டார். ஒரு பால் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே, விரல்கூட நுழையாத இடைவெளியில் புகுந்து, மறுபக்கம் கீறல் இல்லாமல் வெளியே வந்து, "இப்ப எங்க சார் இருக்கோம்?" என்றார். அடிபட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் எப்படியோ அடிபடாமல் தப்பினார்கள். தன் ஜெபத்தின் பலன் என்று மாஸ்டர் நினைத்தார். பாலைவனத்தில் இயேசுவைச் சாத்தான் வந்து சோதித்தது மாதிரி, தனக்கு இந்த அம்மா வந்திருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

"சார், நீங்க ஏன் கோபமே படமாட்டேங்குறீங்க?" என்று அந்த அம்மா நாள் தவறாமல் கேட்டார்.

"கோபப்பட்டு என்னம்மா ஆகப்போகுது?"

"கொஞ்சமாவது படுங்களேன். எனக்கு உறைக்கவே மாட்டேங்குது."

"உங்களுக்கு வந்துரும்மா. நம்பிக்கை வைங்க."

அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு கம்பத்தைக் குறிபார்த்து ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

புனித சனிக்கிழமை வந்தது. கடைசி வகுப்பு. சாயங்காலம் திருவிழிப்புப் பூசை, அதில் ஈஸ்டர் மணி அடித்துவிட்டால் நோன்பு முடிந்தது. வேலை போனாலும் போகட்டும், சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று மகளிடம் சொல்லலாம். மாஸ்டருக்கு அந்த நினைப்பே தெம்பாக இருந்தது.

வண்டி மேட்டில் ஏறி, இறக்கத்தில் திரும்பியது. கீழே சாலை ஓரமாகப் பூச்செடி விற்கிறவர் தன் தொட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். தொட்டிகளுக்குச் சற்று முன்னதாக, அதே ஓரத்தில் இரண்டு லாரிகள் இடைவெளி விட்டு நின்றன. வண்டி வேகம் பிடித்தது.

"பிரேக் போடுங்கம்மா" என்றார் மாஸ்டர்.

"சார், ஒரு சந்தேகம். ஆபத்து வந்தா நீங்க கண்ணை மூடி ஜெபம் பண்ணுவீங்களாமே?"

"அம்மா, பிரேக்."

"நானும் பண்ணிப் பாக்குறேன் சார்."

அந்த அம்மா இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் இருந்து எடுத்து, குவித்து, கண்ணை மூடினார்.

"ஏய்ய்ய்! கண்ணைத் தொற! எவன் உனக்கு லைசென்ஸ் குடுப்பான்? ஜெபம் பண்ற இடமா இது? கையை வை! கையை வைன்னு சொல்றேன்ல!"

பூச்செடிக்காரர் தொட்டியைக் கீழே போட்டார். மரத்தில் இருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. எதிரே வந்த பேருந்து தானாக ஓரங்கட்டியது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து ஏறி நின்றேவிட்டார். வண்டி முதல் தொட்டிக்கு முன்னால் நின்றது.

அப்புறம்தான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது அவருக்கு. சீட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். இன்னும் ஒரு பகல் பொழுது. ஒரே ஒரு பகல் பொழுதைத் தாண்ட முடியவில்லை. நோன்பும் போச்சு, வேலையும் போச்சு, மகளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. வெட்கத்தை விட்டு, முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு அழுதார்.

பக்கத்தில் கியர் மாறுகிற சத்தம் கேட்டது, அழகாக, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒற்றைக் கையால் வண்டியை ரிவர்ஸ் எடுத்து, இரண்டு லாரிகளுக்கும் நடுவே ஒரே வளைப்பில் நிறுத்தினார். இன்னொரு கையில் போன் இருந்தது; அதற்குள் இருந்து மாஸ்டருக்குத் தன் மனைவியின் குரல் கேட்டது.

"அக்கா, கத்திட்டாரு! தொண்டை கல்லு மாதிரி இருக்கு, நீங்க பயந்த மாதிரி ஒண்ணுமே இல்ல. முதலாளிகிட்ட புது மாஸ்டர் வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் வைக்கிறேன்க்கா, ஆம்புலன்ஸ் எடுக்கணும், டியூட்டிக்கு நேரமாச்சு."