நிற்கத் தெரியாத ஐயோ அக்கா

மன்னார்த் தீவிலேயே படிக்கட்டை ஒரு அவமானமாக நினைத்த ஒரே மனுசி ஐயோ அக்காதான். மாடியிலிருந்து இறங்கவேண்டும் என்றால் பாய்வார். மதில் குறுக்கே வந்தால் அதன்மேல் நடப்பார். வாசலில் கழுதை படுத்திருந்தால் நாங்கள் சுற்றிப் போவோம். அவர் தாண்டிப் போவார். ஒருநாள் தாண்டும்போது கழுதை பாதியில் எழும்பிவிட்டது. அக்காவும் கழுதையும் ஒன்றாக மீன் சந்தைவரை போய்த் திரும்பினார்கள். திரும்பி வந்தபோது கழுதைதான் அதிர்ச்சியில் இருந்தது.

சண்டை முடிந்து மூன்றாம் வருடம். மன்னாரில் ஒரு கல்லூரி. பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அங்கிருந்து எனக்கு மறுப்புக் கடிதம் வரும். நான் பெருநிலத்து வயற்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு விடுதிக்கு வந்து இறங்குகிறேன். மேலே பார்த்தால், மாடி விறாந்தைக் கைப்பிடிச் சுவரில் ஒரு பெண் ஏறுகிறார். வாயில் பல்லுத்தூரிகை. அடுத்த கணம் ஆளைக் காணவில்லை. காற்றில் ஒரு சுழற்சி. கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணற்கும்பியில் பொத்தென்று ஒரு சத்தம்.

"ஐயோ! மாதாவே! பிள்ளை விழுந்திட்டுது!" என்று விடுதிப் பொறுப்பாளரான சிஸ்டர் கையிலிருந்த செபமாலையை வீசிவிட்டு ஓடிவந்தார்.

மணலைத் தட்டிக்கொண்டு எழும்பிய உருவம் பல்லுத்தூரிகையை வாயிலிருந்து எடுத்தது. "விழேல்லை சிஸ்டர். இறங்கினனான்."

அன்று அந்தப் பட்டப்பெயரை வைத்தவள் நான்தான். அவரைப் பார்க்கிற எவரும் முதலில் சொல்கிற சொல் "ஐயோ". எங்களைவிட ஏழு வயது மூத்தவர் என்பதால் கூடவே ஒரு "அக்கா". ஒரு கிழமைக்குள் விரிவுரையாளர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

முசலிப் பக்கத்துக் கடற்கரைக்காரி அவர். தகப்பனின் வள்ளத்து முன் அணியத்திலிருந்து கடலுக்குள் தலைகீழாகப் பாய்ந்து வளர்ந்தவர். இடப்பெயர்வில் படிப்பு ஏழு வருடம் பிந்திவிட்டது. குடும்பம் அப்போதும் உறவினர் வளவு ஒன்றில் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில்தான் இருந்தது.

அக்காவின் இன்னொரு விசித்திரம், அவர் ஓரிடத்தில் நிற்கமாட்டார். சாப்பாட்டு வரிசையில் எங்களைச் சுற்றிச் சுற்றி நடப்பார். பூசையில் தூணைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவார். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்ரூடியோக்காரர் ஏழு தரம் எடுத்துவிட்டுக் கும்பிட்டார். "தங்கச்சி, உங்கட முகத்தைத் தவிர மற்றதெல்லாம் வடிவா விழுந்திருக்கு." விடுதிக் குழுப்படத்தில் இருபத்திமூன்று பெண்களும் ஒரு புகைமூட்டமும் இருக்கிறோம். அந்தப் புகைமூட்டம் அக்கா. அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பதில் நான் முதல் ஆள்.

அடுத்த வருடம்தான் மாகாணக் கல்லூரிகளுக்கிடையிலான பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி என்று ஒரு கடிதம் வந்தது. கல்லூரியில் விளையாட்டுக்கென்று தனி ஆள் இல்லை. புவியியல் படிப்பித்த சேரின் தலையில் அது விழுந்தது. அதிபர் அவரைக் கூப்பிட்டுச் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று நாங்களே கேட்டோம்.

"முதல் மூண்டுக்குள்ள ஒரு இடம் எடுத்தா தொடர்ந்து நடத்துங்கோ. இல்லாட்டி அடுத்த வருசம் பொம்பிளைப் பிள்ளையளுக்கு நெற்போல் பந்து விளையாட்டுக் காணும்."

சேர் ஜிம்னாஸ்டிக்ஸைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர். ஆனால் மானஸ்தன். எங்கிருந்தோ ஒரு புத்தகம் எடுத்தார். நிவாரணத்துக்கு வந்த பஞ்சு மெத்தைகளைச் சேர்த்துக் கட்டிப் பாயாக்கினார். மண்டபம் முழுக்க மீள்குடியேற்ற வீடுகளுக்கான கூரைத் தகரம் அடுக்கியிருந்ததால் பயிற்சி வெளியில், மன்னார்க் காற்றில். பத்துச் சென்ரிமீற்றர் அகலத்தில் உயரமாக ஒரு சட்டம் வேண்டும் என்று புத்தகம் சொன்னது. தச்சர் பனஞ்சலாகையைச் சீவி நாலு கட்டையில் ஏற்றித் தந்தார். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பீம். அதில் ஏறி நடப்பவளின் காலில் சிராய் ஏறும் என்பதை அந்தப் புத்தகம் சொல்லவில்லை.

சேர் படித்துக்கொண்டே பழக்குவார். "இப்ப வலது காலைப் பின்னுக்கு உயர்த்தவும்" என்பார். பக்கத்தைத் திருப்புவார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் எச்சில் தொட்டுப் பிரிக்கும்வரை நாங்கள் ஐந்து பேரும் ஒற்றைக் காலில் கொக்குமாதிரி நிற்போம். ஒருநாள் பிரித்தபின் வாசித்தார்: "ஆனால் இந்த நிலையில் இரண்டு செக்கனுக்கு மேல் இருக்கவேண்டாம்."

ஐந்து பேர்தான் இருந்தோம். ஆறு பேர் இல்லாவிட்டால் பெயரே பதியமாட்டார்கள். கல்லூரி முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு ஐயோ அக்காவைக் காட்டியது. அவரோ மாட்டேன் என்றார். எங்களுக்கு அதிர்ச்சி. கூரையில் ஓடுகிறவர் பனஞ்சலாகைக்குப் பயப்படுவாரா?

சேர் மூன்றுதரம் கேட்டார். மூன்றாந்தரம் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "பிள்ளை, உம்மை விட்டா எனக்கு ஆள் இல்லை."

அக்கா அவரைச் சுற்றி ஒருதரம் நடந்தார். "பாய்வன் சேர். ஆனா நிக்கமாட்டன்."

"அதைப் பேந்து பாப்பம். முதல்ல வாரும்."

வந்தார். பீமில் கை ஊன்றி ஏறினார். சக்கரம்போல் இரண்டு சுழற்சி. பின்பக்கமாக வளைந்து ஒரு புரட்டல். கீழே நின்ற, எங்கள் ஐவரில் ஒருத்தியான எருக்கலம்பிட்டிப் பஸ்லியா, "அல்லாஹ்வே, இது மனுசியா?" என்று என் கையைக் கிள்ளினாள். சேர் புத்தகத்தை மூடிவிட்டார். கடைசியில் ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை நிற்கவேண்டும். அவ்வளவுதான். சிறுபிள்ளையும் செய்யும்.

"ஒண்டு..." என்றார் சேர்.

அக்கா வெட்டிய வாழைபோல் பக்கவாட்டில் சரிந்தார். மெத்தையில் விழுந்து, தவழ்ந்துபோய், மணலில் சத்தி எடுத்தார். அன்றுதான் அக்கா விழுந்ததை முதல்தரம் பார்த்தோம். ஒருத்தரும் "ஐயோ" என்று சொல்லவில்லை.

கிணற்றடியில் முகம் கழுவ வைத்தேன். வாளியைப் பிடித்தபடி சொன்னார். "எனக்கு இடக்காது கேளாது, தெரியுமே? பங்கர் வாசல்ல நிக்கேக்க பக்கத்தில ஷெல் விழுந்தது. காயம் ஒண்டும் இல்லை. ஆனா அண்டையிலிருந்து நான் நிண்டா நிலம் ஆடும். வள்ளத்தில நிக்கிறமாதிரி. நடந்தா, பாய்ஞ்சா ஆடாது. அதுதான் நான் நிக்கிறேல்லை."

ஒரு வருடமாக அந்தக் குழுப்படத்தைக் காட்டிச் சிரித்தவள் நான். அவர் கையிலிருந்த வாளியை வாங்கிக் கிணற்றுக் கட்டில் வைத்தேன்.

"ஏனக்கா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னா பாவம் எண்டுவியள். இது நல்லாயிருக்கு, ஐயோ எண்டு சிரிக்கிறியள்."

வழி சொன்னவள் பஸ்லியா. அவள் குடும்பம் புத்தளத்தில் இருபது வருடம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தது; தகப்பன் கடற்தொழில். "கடல்ல தலை சுத்தினா கரையில ஒரு பனைய மட்டும் பாத்துக்கொண்டிரு எண்டு வாப்பா சொல்லுவார். அக்காவுக்கும் ஒரு பனை வேணும்."

பனை தேடினோம். தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கச் சொன்னோம். அதில் காகம் வந்து இருந்தது, அக்கா விழுந்தார். கோயில் சிலுவையைப் பார்க்கச் சொன்னோம். பின்னால் மேகம் ஓடியது, அக்கா விழுந்தார். மாட்டைக் காட்டியது சேரின் யோசனை. அதைப்பற்றி எழுதாமல் விடுகிறேன். கடைசியில் அக்கா என் முகத்தைப் பார்த்தார்.

"நீ நில்லடி. இந்த ஹொஸ்டல்ல ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிக்கிறதில உன்னை வெல்ல ஆளில்லை."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் திறமைச் சான்றிதழ் அது. அன்றிலிருந்து பின்னேரங்களில் பீமின் நேரெதிரே நான் கண்சிமிட்டாமல் நிற்பேன். மூக்கில் இலையான் வந்து மொய்க்கும். அசையமாட்டேன். அக்கா ஒன்று வரை நின்றார். இரண்டு கிழமையில் இரண்டு வரை. மூன்று வரவேயில்லை.

போட்டி யாழ்ப்பாணத்தில். உடுப்பு என்ன என்று கேட்டபோது சேர் புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டினார். சிஸ்டர் படத்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தானே தையல் மெசினில் இருந்து ஆறு பேருக்கும் முழுக்கை, முழுக்கால் வைத்த நீலச் சட்டைகள் தைத்து, யாழ்ப்பாணத்துக்கும் கூடவே வந்தார். பஸ்லியாவின் தலைக்கும் அதே துணி. மண்டபத்துக்குள் நுழைந்தபோது மற்ற ஐந்து அணிகளும் மினுமினுவென்று நின்றன. நாங்கள் மின்சார சபைக்கு வேலைக்கு வந்தவர்கள் போல் நின்றோம்.

அவர்களின் பீமில் தோல் உறை போட்டிருந்தது. கால் வைத்ததும் மெத்தென்றது. சிராய்க்குப் பழகிய நான் சந்தோசத்தில் இரண்டுதரம் விழுந்தேன். ஆனாலும் பஸ்லியாவும் மற்றவர்களும் நன்றாகச் செய்தார்கள். அக்காவின் முறை வரும்போது நாங்கள் மூன்றாம் இடத்தில் நின்றோம். சேருக்கு வேர்த்து ஊற்றியது.

நான் எதிர்ச் சுவரோடு போய் நின்றேன். அக்கா ஏறினார். சுழன்றார். புரண்டார். அந்த மண்டபம் முழுக்கப் படித்த சனம், அத்தனை பேரும் "ஐயோ!" என்று எழும்பினார்கள். அக்கா ஒற்றைக் காலைத் தூக்கி, கையை விரித்து, என்னைப் பார்த்தார்.

ஒன்று.

இரண்டு.

அந்த நேரம் ஒரு படப்பிடிப்பாளர் கமராவோடு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து குந்தினார். குந்தியவர் எழும்பினார். அக்காவின் முகம் மறைந்தது. விரித்த கை ஆடத் தொடங்கியதை அவருடைய தோளுக்கு மேலால் பார்த்தேன். கத்தினாலும் பயனில்லை, ஓடவும் முடியாது, நான் அசைந்தால் எல்லாம் முடிந்தது.

அப்போது வெள்ளை அங்கியில் ஒன்று பறந்து வந்தது. எங்கள் சிஸ்டர். பத்து வருடமாக விடுதியில் ஒருவர்மேலும் கைவைக்காமல் செபம் சொல்லித் தந்தவர், அந்த மனிதரைச் சட்டைக் கொலரில் பிடித்து, வலையிழுப்பதுபோல் ஒரே இழுவையில் பக்கத்தில் கொண்டுபோய் இருத்தினார். "இரும் ஐயா அங்க!" நடுவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

அக்காவின் கண் என்னைத் தேடிப் பிடித்தது. கையாட்டம் நின்றது.

மூன்று. எங்கள் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். நாலு. ஐந்து. அக்கா இறங்கவில்லை. பத்து. மணி அடித்தார்கள். நேரம் போனால் புள்ளி வெட்டுவார்கள்.

"இறங்கு பிள்ளை! புள்ளி போகுது! இறங்கு!" சேர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடித்திரிந்தார்.

அக்கா இறங்கவில்லை. தூக்கிய காலை மெல்லக் கீழே வைத்தார். இரண்டு காலிலும் நேராக நின்றார். கைகள் இரண்டையும் தொங்கவிட்டார். நானும் நின்றேன். இரண்டாம் மணி அடித்தது. கடைசியில் ஒரு நடுவர் கதிரையை விட்டு எழும்பி வந்து அவருடைய கணுக்காலைத் தொட்டபிறகுதான் கீழே வந்தார்.

"ஏனக்கா இறங்கேல்லை? எல்லாம் போச்சே!" என்று பஸ்லியா அழுதாள்.

அக்கா என் தோளைப் பிடித்திருந்தார். "நாலு வருசத்துக்குப் பிறகு நிலம் நிண்டதடி. அதை விட்டிட்டு எப்பிடி இறங்கிறது?"

நாலாம் இடம் வந்தோம். வெட்டிய புள்ளி இருந்திருந்தால் மூன்றாம் இடம். சேர் முடிவைக் கேட்டுவிட்டு வெளியே போய்ச் சோடா வாங்கிக்கொண்டு வந்தார். முதல் போத்தலை அக்காவிடம் கொடுத்தார். அன்றும் சரி, பிறகும் சரி, அந்தப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதிபர் சொன்ன சொல் தவறாதவர். அடுத்த வருடம் நெற்போல்தான். அதன் விதிகளை வாசித்தபோதுதான் எங்களுக்கு மறுபடி இடி விழுந்தது: பந்தைப் பிடித்தவள் ஓடக்கூடாது, நிற்கவேண்டும். அக்கா விதிப்புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனாலும் விளையாடினார். பந்து கைக்கு வந்த அதே கணத்தில் எறிந்துவிடுவார். அந்த வேகத்தில் எதிரணி மட்டுமல்ல, நாங்களும் பந்தைக் காணவில்லை. பல ஆட்டம் தோற்றோம்.

இப்போது அவர் முசலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ரீச்சர். குடும்பத்துக்குக் கல்வீடு கட்டியாகிவிட்டது. நான் கொழும்பில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். கடகடவென்று ஊர்ப் புதினம் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், "சாப்பிட்டியாடி?" என்று கேட்பார். பதில் வருமுன் வைத்துவிடுவார். நான் அந்த வெறும் தொலைபேசிக்கு, "ஓம் அக்கா, சாப்பிட்டனான்" என்று சொல்லிவிட்டுத்தான் கீழே வைப்பேன்.