மௌன விரதமும் ஒரு துண்டு கேக்கும்

"பேசக்கூடாதுன்னா, போன்லகூடப் பேசக்கூடாதாண்ணே?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டான் ரமீஸ்.

தனசேகரன் தலையை ஆட்டினார். கூடாது.

"வாட்ஸ்அப்?"

அதற்கும் அதே ஆட்டல்.

"பெரிய விரதம்தான்," என்றான் மேல்கட்டிலில் படுத்திருந்த வேலாயுதம். "நானும் கூட வரலாம்னுதான் பாத்தேன். நாளைக்கு ஞாயித்துக்கெழமையும் எனக்கு ஓவர்டைம். இவனுக்குப் பல்வலி, கிளினிக் போறானாம். நீங்க தனியாவே தோ பாயோ கோயிலுக்குப் போயிட்டு வந்துருங்கண்ணே."

தனியாக! தனசேகரனுக்கு உள்ளே வெல்லம் கரைந்தது. முகத்தை மட்டும் சாமி முகமாக வைத்துக்கொண்டு தொழிலாளர் டார்மிட்டரியை விட்டு வெளியே வந்தார்.

விரதமும் இல்லை, வேண்டுதலும் இல்லை. மறுநாள் அவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள்.

அந்த அறையில் ஒரு சட்டம் உண்டு. பிறந்தநாள்காரன் அறைக்கே விருந்து வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே ஏஜெண்ட் கைவழியாக ஊரிலிருந்து இந்த வெளிநாட்டு வேலைக்கு வந்து சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் மொட்டையடிப்பதில் கூச்சமே கிடையாது. வேறு கம்பெனியிலிருந்து மாறி வந்த ஃபாரூக் மட்டும் ஒரு தடவை விவரம் புரியாமல், "இன்னிக்கு எனக்குப் பர்த்டே" என்று மிட்டாயை நீட்டிவிட்டார். பிரியாணி, பொரித்த கோழி, குளிர்பானம், மறுநாள் காலைப் பரோட்டா வரைக்கும் கறந்துவிட்டார்கள். அடுத்த மாதமே அவர் வேறு அறைக்கு ஓடிவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பிறக்கவே இல்லை.

தனசேகரனும் வருஷா வருஷம் பிறக்காமல்தான் இருந்தார். இந்த வருஷம் மனசு முரண்டு பிடித்தது. முதுகைக் கம்பி கட்டக் கொடுத்தாயிற்று. சம்பளத்தை வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. இரண்டே நாள் எனக்கு நானே கொடுத்துக்கொண்டால் யார் கேட்பது?

வேலை அனுமதி அட்டையில் இருக்கும் பிறந்த தேதி ஏஜெண்ட் போட்டதுதான். அம்மாவைக் கேட்டால், "மழையில கொட்டாய் விழுந்த அன்னிக்கு" என்பாள். பாஸ்போர்ட்டில் அப்படி எழுத முடியாது என்று சொல்லி ஏஜெண்ட் ஒரு தேதியைப் போட்டுக் கொடுத்தார். அதனாலென்ன? இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒத்துக்கொண்ட தேதி!

ஆசை பெரிதாக ஒன்றுமில்லை. தலைக்கு மசாஜ், இலை போட்டு மட்டன் பிரியாணி, மாடி பஸ்ஸில் முன் சீட்டு. கடைசியாக, கேக்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கேக் கடை இருந்தது. 'இன்று பிறந்தநாளா? அட்டையைக் காட்டுங்கள். உங்கள் பெயர் எழுதிய சிறு கேக் எங்கள் அன்பளிப்பு' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் உட்கார்ந்து நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்ற தனசேகரன், யார் துணையும் இல்லாமல் முழுசாகப் படித்த முதல் அறிவிப்பு அது. அன்றைக்கு அறைக்காரர்கள் எல்லோரும் கூட வந்திருந்தார்கள். பெருமை தாங்காமல் அவர்களை நிறுத்திவைத்து இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினார்.

அவர் பெயரை ஹெல்மெட்டில் எழுதியிருக்கிறார்கள். பூட்ஸில் எழுதியிருக்கிறார்கள். மருந்துப் பையில் எழுதியிருக்கிறார்கள். தின்கிற பொருளில் யாரும் எழுதியதில்லை. அதைத் தன் கண்ணாலே படித்துவிட்டுத் தின்ன வேண்டும். பங்கு கேட்க ஒருத்தரும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மசாஜ் நல்லபடியாக முடிந்தது. "வலிக்குதாண்ணே?" என்று கேட்டார் முடிவெட்டுபவர். "வலிக்கட்டும் தம்பி, நல்லா அழுத்து. நாளைக்கு எனக்கு..." என்றவர் கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

வினை ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தது. ஊர்க்காரர்கள் எல்லோரும் வந்து கூடும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை தனியாக இருக்க நினைப்பது தேரோட்டத்துக்கு நடுவில் பாய் விரிப்பது மாதிரி. பிரியாணிக் கடையில் மட்டன் எலும்பை வாயில் வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சியபோது, "அண்ணே!" என்று ஒரு குரல்.

வேலாயுதம் நின்றுகொண்டிருந்தான். மடிப்புக் கலையாத புதுச்சட்டை.

"ஓவர்டைம் கேன்சலாயிடுச்சுண்ணே," என்றான், யாரும் கேட்காமலே. பிறகு எலும்பைப் பார்த்தான். "விரதம்னீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்த தனசேகரனுக்கு மௌனம் ஞாபகம் வந்தது. எலும்பால் வானத்தைக் காட்டினார். மீசையை முறுக்கினார். கை போன போக்கில் அரிவாள் மாதிரி ஒரு வீசு வீசினார்.

"ஓ! முனீஸ்வரன் வேண்டுதலா! அவருக்குக் கறி உண்டுல்ல!"

அப்பாடா என்று தலையாட்டினார். அதுதான் தப்பாகப் போயிற்று. வேலாயுதம் பொத்தென்று காலில் விழுந்தான். "பொண்ணுக்கு வரன் தட்டிக்கிட்டே போவுதுண்ணே. வாக்குதான் குடுக்க மாட்டீங்க, கையவாவது வைங்க."

நெய்க்கையை அவன் தலையில் வைத்தார்.

பக்கத்து மேசை அம்மாள் எழுந்து வந்தாள். "சாமி, என் மகனுக்கு ஓ லெவல் பரீட்சை லா. கொஞ்சம் பிளஸ் பண்ணுங்க." அவள் பின்னால் இரண்டு பேர். அவர்கள் பின்னால் கடை முதலாளி. "சாமி, கல்லாவுல ஒரு தடவை கை வச்சுட்டுப் போங்க."

எல்லோருக்கும் அருள் கொடுத்துவிட்டுத் திரும்பினால் இலை இல்லை. மேசை துடைக்கிறவர் பாதிப் பிரியாணியோடு சுருட்டி எடுத்துப் போய்விட்டார். வேலாயுதத்தையும் காணவில்லை. சாப்பிட வந்தவன் சாப்பிடாமலே நழுவிவிட்டான்.

'போகட்டும். பஸ் இருக்கிறது' என்று தனசேகரன் பல்லைக் கடித்தார்.

ஆங் மோ கியோ போகும் மாடி பஸ்ஸில் மூச்சு வாங்க மேலே ஏறினார். முன் சீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரமீஸ் உட்கார்ந்திருந்தான். கையில் ரொட்டித் துண்டில் மடித்த ஐஸ்கிரீம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"டாக்டர்தாண்ணே," என்றான் ரமீஸ். "வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொன்னாரு."

ரொட்டியோடா வைக்கச் சொன்னார் என்று கேட்கத் தனசேகரனுக்கு நாக்கு துடித்தது. கேட்க முடியாது. புருவத்தை மட்டும் தூக்கினார். அந்தப் புருவத்தை ரமீஸால் தாங்க முடியவில்லை. "என் ஸ்டாப் வந்துருச்சு" என்று பெல்லை அழுத்திவிட்டு இறங்கி ஓடினான். அது எந்த ஸ்டாப்போ, கிளினிக்கும் இல்லை, கடையும் இல்லை. சுற்றிலும் மரம்தான்.

முன் சீட்டு கிடைத்தது. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, ஐஸ்கிரீம் பாதி அங்கேயே உருகிக் கிடந்தது.

ஒட்டிய பேண்ட்டோடு அவர் யோசித்தார். ஒருத்தன் பிரியாணிக் கடைக்கு வருகிறான். ஒருத்தன் பஸ்ஸுக்கு வருகிறான். மோப்பம் பிடித்துவிட்டார்கள்! விருந்துக்குப் பின்னாலேயே சுற்றுகிறார்கள்!

பிரியாணி போனது. பஸ் போனது. கேக்கை விட முடியாது. ஒளிந்தது போதும். ஊரே பார்க்கட்டும்.

அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து, கேக் கடைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார். கவுன்டரில் பவித்ரா என்று சட்டையில் பெயர் குத்திய சின்னப் பெண். அவள் முன்னால் அட்டையைச் சீட்டு விளையாட்டில் துருப்பை இறக்குகிற மாதிரி இறக்கினார். அறைக்காரர்களுக்காகக் காத்த இரண்டு நாள் மௌனமும் ஒரேயடியாக உடைந்தது.

"ஆமா! இன்னிக்கு எனக்குப் பொறந்தநாள்! எவனுக்கும் விருந்து கெடையாது! ஒரு சொட்டு கிரீம்கூடக் கெடையாது! பேரு தனசேகரன். பெருசா எழுதும்மா, நான் படிக்கணும்!"

கடையின் மாடியில் ஒரு கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

பவித்ரா அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு வெள்ளைக் கிரீமின் மேல் சிவப்பில் எழுதி நீட்டினாள்.

தனசேகரன் விரலைக் கேக்கில் படாமல் நகர்த்தினார். த. ன. சே. க. ர. ன். ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை. ஏசிக் காற்று கண்ணில் பட்டிருக்க வேண்டும், துடைத்துக்கொண்டார்.

"மேல போயி உக்காந்து சாப்பிடுறேம்மா. தனியா."

"மேல ஃபுல் லா அங்கிள்," என்றாள் பவித்ரா. "எல்லாம் உங்க கம்பெனி ஆளுங்கதான். காலையிலேருந்து ஒவ்வொருத்தரா வந்து இதே டேட் போட்ட கார்டக் காட்டி, ஆளுக்கொரு டேபிள்ல சுவத்தப் பாத்துக்கிட்டுத் தனியா கேக் சாப்பிடுறாங்க. ஏன் அங்கிள், உங்க ரூம்ல வேற நாள்ல யாருமே பொறக்கலையா?"