என் வாசலில் விழுந்த ஒன்பது சிவப்புப் புள்ளிகள்

காரா-புலாக்
ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பி மம்பெட்டுக்கு, அண்ணன் ஒரோஸ்பெக் எழுதுவது. நீ நலமா, பிள்ளைகள் நலமா, உனக்கு ஆடு மாடு இல்லாததால் உன் டாக்சி நலமா? முதல் பனிக்குத் திறந்துகொள் என்று ஆட்டு வயிற்றுப்பையில் அடைத்து பஸ்ஸில் அனுப்பிய வெண்ணெய் வந்ததா இல்லையா, ஒரு வார்த்தை இல்லை. டிரைவர்மேல் எனக்குச் சந்தேகம்.

விஷயம் அதுவல்ல. நம் பக்கம் மாட்டிலிருந்து தொற்றும் மூட்டுவலிக் காய்ச்சல் பரவியிருக்கிறது. அதற்காக பிஷ்கெக்கிலிருந்து நுர்ஜமால் என்று ஒரு புள்ளிவிவரப் பெண் மடிக்கணினியோடு வந்து இறங்கினாள். சிரித்த முகம், அப்போதே எனக்கு உறுத்தியது. நோயாளிகளை இரண்டிரண்டு பேராக எடுத்து, வீடும் பக்கம், காய்ச்சல் வந்த நாளும் பக்கம் என்றால் ஒரு ஜோடி என்று எண்ணுகிறாளாம். பிறகு தேதிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி ஆயிரம் தடவை கலைத்துப் போட்டு, தற்செயலாக அத்தனை ஜோடி விழுமா என்று பார்த்தாளாம், ஒரு தடவைகூட விழவில்லையாம். யார் கலைத்தது, யார் வெட்டியது, பக்கத்தில் யார் இருந்து பார்த்தது? கடைசியில் வரைபடத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒன்பது சிவப்புப் புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நம் வீட்டு வாசலில்!

"ஐயா, ஒம்பது பேரும் உங்க வீட்டு ஆளுங்க. ஒருத்தரோட ஒருத்தரா சேர்த்து எண்ணினா முப்பத்தாறு ஜோடி."

"என் வீட்டுல நானும் என் பொண்ணும்தான்மா. மூணாவது ஆளு பூனை."

"பதிவேட்டுல பதினேழு பேரு இருக்கே?"

பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும், பென்ஷன் வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வரிசையாக வந்து என் விலாசத்தில் பதிந்துகொண்டீர்களே, நீ உட்பட, அதன் பலன் இது! ஊர் முழுக்கப் பேச்சாகி, என் மகள் புருலைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்த சம்பந்தி எசென், "காய்ச்சக்கார வீட்டுல பொண்ணு எடுக்கறதா? கல்யாணத்தை நிறுத்தி வைங்க" என்று ஆள் விட்டுவிட்டான். புருல் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நான் வைக்கும் தட்டைப் பூனைதான் காலி செய்கிறது தம்பி.

விடுவேனா? அந்தப் பெண்ணைக் காரில் ஏற்றி, ஆறு ஊர் சுற்றி, ஒன்பது பேரும் நிஜமாகப் படுத்துக்கிடக்கும் வீடுகளைக் காட்டினேன். மறுபடி கணக்குப் போட்டாள். மிஞ்சியது ஒரே ஜோடி, அதுவும் புருஷன் பெண்டாட்டி. "இப்ப நோய் ஒரே இடத்துல குவியவே இல்ல ஐயா" என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஆனாலும் கணினியை மூடாமல், "ஜூன் முதல் வாரம் இவங்கல்லாம் எங்க இருந்தாங்க?" என்றாள். இந்தக் கேள்விக்குள் ஏதோ சூது இருக்கிறது என்று கதவைச் சாத்திவிட்டேன்.

உன் அடுப்பு அணையாதிருக்கட்டும், உன் வண்டி நடுவழியில் நிற்காதிருக்கட்டும்.

அண்ணன்,
ஒரோஸ்பெக்

பின்குறிப்பு: அவள் ஜன்னலுக்கு வந்து மறுபடி கேட்டாள். விரல்விட்டு எண்ணினேன். ஒன்பது பேரும் அந்த வாரம் மலை மேய்ச்சலில் என் கூடாரத்தில், புருலின் நிச்சய விருந்தில் இருந்தார்கள். செவலைப் பசுவின் காய்ச்சாத பாலேட்டை நான்தான் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தேன். வீட்டுக்குப் பதில் கூடாரத்தை வைத்து எண்ணியதில் முப்பத்தாறு ஜோடியும் திரும்பி வந்துவிட்டன. நேற்றிலிருந்து எசெனுக்கும் மூட்டு வலியாம், எனவே கல்யாணத்துக்கு இனி தடையில்லை. உன் வெண்ணெயும் அதே பசுவுடையது, திறக்காதே. திறந்து தின்றிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. விலாசம் கேட்டால் மட்டும் என் வீட்டைச் சொல்லாதே.