இடது பக்க முன்சக்கரத்துச் சத்தம்

ஹவில்தார் சிவனாண்டி மீசையில் ஒரு பக்கம் முறுக்கினால் ஏதோ யோசிக்கிறார் என்று அர்த்தம். ரெண்டு பக்கமும் முறுக்கினால் முடிவெடுத்துவிட்டார், இனி பெண்டாட்டி ஆனந்தவல்லி பாடு என்று அர்த்தம். அன்றைக்குக் காப்பி வருவதற்கு முன்னாலேயே ரெண்டு பக்கமும் முறுக்கியாயிற்று.

"பானுவை நம்ம கார்லதான் கூட்டிட்டு வாரோம். வாடகை வண்டிப் பேச்சை எடுக்கப்படாது."

ஒரே மகள் பானுப்பிரியாவை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த மாசம் அவளுக்கு வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு பிள்ளையை ராஜபாளையத்துக்கு, தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும்.

"எந்தக் கார்ல?" என்றாள் ஆனந்தவல்லி.

"நம்மகிட்ட எம்புட்டுக் கார் இருக்கு?"

"இல்ல, ஓடுற காரா, நிக்கிற காரான்னு கேட்டேன்."

கேள்வியில் குற்றம் சொல்ல முடியாது. நாலு கை மாறி வந்த வெள்ளைக் கார் அது. நேர் ரோட்டில் பிரமாதமாகப் போகும். வேகத்தடையைக் கண்டால் போதும், ஒரு குலுக்குக் குலுக்கி அப்படியே நின்றுவிடும். சந்தைக் கூட்டத்தில் நிற்கும், ரயில்வே கேட்டில் நிற்கும், பஸ் ஸ்டாண்டு வளைவில் கண்டிப்பாக நிற்கும். போன வாரம் செட்டியார்பட்டிப் பக்கம் நின்றபோது பின்னால் வந்த மினிபஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"எறங்கித் தள்ளணுமா, உக்காந்தே இருக்கவா?" என்று கேட்டாள் ஆனந்தவல்லி. கல்யாண வீட்டில் இலை போட்டாச்சா என்று கேட்பது போலத்தான் கேட்டாள்.

"பேசாம இரி. பெட்ரோல்ல அழுக்கு."

"போன தடவை பிளக்குன்னிய."

"அது போன தடவை."

சிவனாண்டியின் கோபத்துக்கு நியாயம் உண்டு. பட்டாளத்தில் அவர் டிரைவர். லடாக் பனியில், ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் மூணு டன் லாரி ஓட்டியவர். அப்பேர்ப்பட்டவர் தெருமுனை வேகத்தடையில் நின்று போனால் யார் மேல் தப்பு இருக்க முடியும்? எஞ்சின் மேல்தான்.

ஒர்க்‌ஷாப் ஆண்டிச்சாமி பிளக்கை மாற்றினான். ஏர் ஃபில்டரை மாற்றினான். பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவினான். பிறகு தானே ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"எனக்கு நிக்கலியேண்ணே."

"எஞ்சின் சூடானாத்தான்டா நிக்கும். நீ சூடாகுமுன்ன எறங்கிட்ட."

"ஸ்பீட் பிரேக்கர்லயும் நிக்கலண்ணே."

"எந்த ஸ்பீட் பிரேக்கர்? அதெல்லாம் சின்னது."

அன்று சாயங்காலம் வீட்டு வாசலிலேயே வண்டி நின்றது. சிவனாண்டி இறங்கி, பானட்டைத் திறந்து, நீள ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக் கேட்டார்.

"காலு வலிக்குதா உங்களுக்கு?" என்றாள் பின்னால் நின்ற ஆனந்தவல்லி.

"எஞ்சினைப் பத்திப் பேசிட்டிருக்கோம். நடுவுல காலை ஏன் இழுக்க?"

"சும்மா கேட்டேன்."

அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. முழங்காலுக்குத் தேய்க்கிற தைலத்தைத் தலைவலிக்கு என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிற மனுஷன் வேறென்னத்தைச் சொல்வார்?

ரெண்டு நாள் கழித்துப் புது வியாதி கிளம்பியது. இடது பக்க முன்சக்கரத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம்.

சிவனாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்தது வெளிய வந்துருச்சு. இந்தச் சத்தத்தைப் புடிச்சிட்டா வண்டி நிக்கிற காரணமும் தெரிஞ்சிரும்."

"வேகமாப் போனா கேக்கலியே."

"மெதுவாப் போனாத்தான் கேக்குது. அதுலதான் சூட்சுமம் இருக்கு."

"ஓட்டிக்கிட்டே நீங்க அந்தப் பக்கம் காது குடுக்க முடியாதுல்லா? ஆண்டிச்சாமியை ஓட்டச் சொல்வமா?"

"அவனுக்கு என்ன தெரியும்? நீதான் லைசென்ஸ் வச்சிருக்கியே."

வைத்திருந்தாள். அவர் பனியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், இவள் இங்கே டிரைவிங் பழகி, எட்டுப் போட்டு, லைசென்ஸ் வாங்கி, பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்தாள். ஹவில்தார் ஊர் திரும்பிய பிறகு ஸ்டியரிங் பக்கம் யாரை விட்டார்?

"ஐயய்ய, நான் மாட்டேன். பயமா இருக்கு," என்றாள்.

"நான் பக்கத்துல இருக்கேம்ல. ஏறு."

ஏறினாள். ரொம்பத் தயங்கித்தான் ஏறினாள். சிவனாண்டி இடது பக்கம் உட்கார்ந்து தலையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு உத்தரவு போட்டார். மெதுவா. இன்னும் மெதுவா. ம், இப்ப விடு. தென்காசி ரோடு, சத்திரப்பட்டி ரோடு, பஸ் ஸ்டாண்டு வளைவு, எல்லாம் சுற்றியாயிற்று. வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

"நிக்கலியேங்க," என்றாள்.

"நேத்து நான் எஞ்சின் ஸ்லோ ஸ்பீடைக் கொஞ்சம் கூட்டி வச்சேன்ல. அதான்."

"அப்படியா. உங்களுக்குத்தான் கைராசி."

அன்றிலிருந்து தினமும் சோதனை ஓட்டம். ஒரு நாள் வீல் பேரிங் என்றார், மறுநாள் பிரேக் பேடு என்றார். ஆண்டிச்சாமியிடம் கொண்டுபோனபோது அவன் சக்கரத்தைக் கழற்றக்கூட இல்லை. சிவனாண்டிக்குப் பின்னால் நின்ற ஆனந்தவல்லியை ஒரு தரம் பார்த்தான். "அவசரப்பட்டுக் கை வைக்கப்படாதுண்ணே. கொஞ்ச நாள் மயினி ஓட்டட்டும், நீங்க கவனிங்க," என்றான். முதல் தடவையாக அவனுக்குத் தொழில் தெரியும் என்று ஒத்துக்கொண்டார் சிவனாண்டி.

வளைகாப்பு நாளும் வந்தது. கலவை சாதமும் வளையல் தட்டும் பூவும் ஏற்றி, ஆனந்தவல்லியே ஓட்டினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய் இறங்கியதும் சம்பந்தி பேச்சிமுத்து வாயைப் பிளந்தார்.

"தங்கச்சியா ஓட்டிட்டு வந்துச்சு?"

"ஓட்டுறது யாரும் ஓட்டலாம் சம்பந்தி. எஞ்சினைக் கவனிச்சிட்டு வரணும்ல, அதுக்கு ஆள் வேணும்," என்று மீசையைத் தடவிக்கொண்டார் சிவனாண்டி.

உள்ளே பெண்கள் வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆம்பளைகளுக்கு வேலை இல்லை. சாப்பிட்டு முடித்த சிவனாண்டி காரடியில் வந்து குத்தவைத்தார். திரும்பும்போது பிள்ளை வண்டியில் இருக்கும். நடுவழியில் சக்கரம் ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. சாவியை விட்டு இடது முன்சக்கரத்தை மூடியிருந்த வீல் கப்பை நெம்பினார். கப்பு கழன்று வந்தது. கூடவே மூணு கூழாங்கல்லும் விழுந்தன.

உருண்டையான, பால் வெள்ளைக் கல். எடுத்துப் பார்த்தார். கார் வாங்கிய புதுசில் பிளவக்கல் அணைக்குப் போயிருந்தபோது அவர் கையாலேயே பொறுக்கி வந்த கல். வீட்டில் மணி பிளான்ட் தொட்டியில் கிடந்தது, இங்கே எப்படி வந்தது?

முதலில் கோபம்தான் வந்தது. உள்ளே போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எழுந்தார். எழுந்த வேகத்தில் இடது முழங்கால் சுருக்கென்று இழுத்தது. காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நின்றவருக்கு ஒவ்வொன்றாய் விளங்கியது. ஆண்டிச்சாமி ஓட்டினால் வண்டி நிற்கவில்லை. ஆனந்தவல்லி ஓட்டினால் நிற்கவில்லை. மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் கிளட்ச்சைப் பாதி மிதித்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிக்கிற இவர் கால் நடுங்கி வழுக்கிவிடும், வண்டி குலுங்கி நிற்கும். முன் பம்பர் முதல் பின் பம்பர் வரை எல்லாவற்றையும் சோதித்தாரே, சீட்டில் உட்கார்ந்திருந்ததைச் சோதித்தாரா? தினமும் பேண்ட் துவைக்கிறவளுக்கு எந்தக் காலில் தைலம் மணக்கிறது என்று தெரியாதா? தெரிந்தும், உங்களால் ஏலாது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், நாலு பேர் முன்னால் தலை குனிய விடாமல், மனுஷி கல்லைப் போட்டு ஓட்டியிருக்கிறாள். இப்படி ஒருத்தி மேல் எரிந்து எரிந்து விழுந்தோமே என்று இருந்தது.

கை நிறைய வளையலோடு பானு வாசலுக்கு வந்தாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு படி இறங்கினாள். "நீங்களாப்பா ஓட்டுறீங்க?"

அவர் கையில்தான் சாவி இருந்தது. என் புள்ளையை நானே ஓட்டிக் கூட்டி வருவேன் என்று ராஜபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். இங்கிருந்து வீடு வரை எத்தனை வேகத்தடை!

"செத்த நேரம் பொறு தாயி," என்று குனிந்தார். ஒரு கல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது இவருக்கு. மிச்சம் ரெண்டையும் கப்புக்குள் வைத்துச் சக்கரத்தில் பொருத்தி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். பிறகு வெளியே வந்த ஆனந்தவல்லியிடம் சாவியை நீட்டினார்.

"சத்தம் இன்னும் இருக்கு வல்லி. நீயே ஓட்டு. நான் கவனிச்சுட்டு வாரேன்."

"சரிங்க," என்று வாங்கிக்கொண்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

வண்டி மடவார்வளாகம் தாண்டியது. வேகத்தடையில் ஏறி இறங்கியதுகூடத் தெரியவில்லை. பின்சீட்டில் பானு கண் அசந்துவிட்டாள். சிவனாண்டி வழக்கம்போலத் தலையை வெளியே நீட்டி, நெற்றியைச் சுருக்கி, பலமாகக் கவனித்துக்கொண்டு வந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண்டாட்டிக்குத் தெரியாமல் ஒரு காரியம் பண்ணிவிட்டோம் என்று உள்ளுக்குள் அம்புட்டுப் பெருமை.

"ஏங்க," என்றாள் ஆனந்தவல்லி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன?"

"நான் மூணு கல்லுல்லா போட்டேன். ரெண்டுதான் உருளுது."