அழுங்குக்குப் போர்த்திய பொன்னாடை

ஒரு காட்டில் ஆவுடையப்பன் என்று ஓர் அழுங்கு, தான் உண்டு தன் கறையான் உண்டு என்று இருந்தது. அதற்கு ஆட்டிசம் உண்டு. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லும். சத்தம் மிஞ்சினால் செதில் உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பதினோரு வருஷமாகத் தன் அளவுக்குப் பார்த்துப் பார்த்துத் தோண்டிய வளைக்குள்தான் அதற்குப் பகலில் தூக்கம் வரும். வேறெங்கும் வராது.

அந்த வளைக்கு வந்தது வினை. ஆட்டிசம் உள்ளோரிடம் மரியாதையாகப் பேசப் பயிலரங்கு நடத்தி, போட்டோவோடு அறிக்கை அனுப்பச் சொல்லித் தலைமைக் காட்டிலிருந்து சுற்றறிக்கை வந்தது. நலச்சங்கத் தலைவி மயில் இடம் தேடியது. சமதரை என்று கிடைத்தது வளையின் கூரைதான்.

அழுங்கு பதறிப்போய், பக்கத்து வளை ஆமையோடு சங்கத்துக்கு ஓடியது.

"இவருக்கு என்ன வேணுமாம்?" மயில் ஆமையைக் கேட்டது.

"என் வளை மேலே பந்தக்கால் நடாதீங்க. மேளம் வேண்டாம்," என்றது அழுங்கு.

"எவ்வளவு தெளிவாப் பேசுறார் பாருங்க," என்று மயில் ஆமையிடமே பூரித்தது. "சாப்பிட்டாராமா?"

"பக்கத்துலதானே நிக்கிறார், அவரையே கேளுங்களேன்," என்றது ஆமை.

"கேட்கலாம். முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறாரே."

"பார்த்தா நீங்க சொல்றது மனசுல ஏறாது. தரையைப் பார்த்தாத்தான் ஏறும்," என்றது அழுங்கு.

மயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. காது மட்டும் கேட்கவில்லை. அழுங்கு தன் கோரிக்கையை மூன்று வரியில் மனுவாகவும் எழுதிக் கொடுத்தது. கையெழுத்து அழகாக இருந்ததால் மயில் அதைச் சட்டம் போட்டு மாட்டியது.

விழா நாளில் மேளம் கொட்டியது. வகுப்பெடுக்க வந்த கரடி, "அவர்களுக்குப் பதிலாக நாம் பேசக் கூடாது," என்றது. மயில் உடனே மைக்கைப் பிடுங்கி, அழுங்கின் சார்பில் ஒரு மணி நேரம் பேசியது. அழுங்கு கை தூக்கியது. கேள்வி நேரம் கடைசியில் என்றார்கள். அதற்குள் பந்தக்கால் கூரையைப் பொத்துக்கொண்டு இறங்கி, வளை மொத்தமும் சரிந்தது.

அழுங்கு இருந்த இடத்திலேயே பந்தாகச் சுருண்டது.

"கூச்ச சுபாவம்," என்று மயில் அந்தப் பந்தின் மேல் பொன்னாடையைப் போர்த்தியது. போட்டோ எடுத்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அழுங்கு மெல்லப் பிரிந்து எழுந்தது. பொன்னாடையை மடித்து, சரிந்த வளையின் மண்மேட்டில் வைத்துவிட்டு, ஆமையிடம் மட்டும் சொல்லிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டது.

மயில் அறிக்கை அனுப்பியது: 'பயிலரங்குக்குப் பின் ஆட்டிசம் உள்ளோரிடமிருந்து ஒரு புகாரும் இல்லை.' சிறந்த காடு விருது கிடைத்தது. அடுத்த வருஷப் பந்தல் இன்னும் பெரிசு, இடம்தான் காலியாகிவிட்டதே.

நீதி: ஒருவரிடம் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடு, அவரிடம் மட்டும் கேட்டுவிடாதே, பதில் சொல்லித் தொலைப்பார்.