வெல்டிங் தவுக்கே கிரகரி

நாற்பத்தாறாவது வயதில் தவுக்கே ஆகிவிடுவது என்று தீர்மானித்தேன். இருபது வருடமாகத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லோரி ஓட்டி இடுப்பு விட்டுப்போயிருந்தது. இனி சொந்தத் தொழில், நானே முதலாளி. அதற்காகத்தான் ரிங்லெட்டில் ரோட்டு வேலை முடித்துக் கிளம்பிய ஒரு காண்ட்ராக்டரிடம் அந்தப் பழைய டீசல் வெல்டிங் மெஷினை வாங்கினேன். எருமைக் கனம். எங்கள் லயத்து வீட்டு வாசலில் இறக்க ஆறு பேர் வேண்டியிருந்தது. ஏழாவதாக என் மனைவி கத்தரீன் வந்து நின்றாள். தூக்குவதற்கு அல்ல.

“இது என்னங்க?”

“வெல்டிங் மெஷின்.”

“உங்களுக்கு வெல்டிங் தெரியுமா?”

“மெஷினுக்குத் தெரியும்லா.”

“என்னென்ன செய்யும்?”

அது எனக்கும் தெரியாது. “எல்லாம் செய்யும்,” என்றேன்.

“சரி. ஞாயித்துக்கிழமைக்குள்ள உருப்படியா ஒரு வேலை செஞ்சு காட்டட்டும். இல்லாட்டி திங்கக்கிழமை பழைய இரும்பு லோரி வருது, ஏத்தி அனுப்பிருவேன்.”

கத்தரீன் சொன்னால் செய்வாள். என் மோட்டார் சைக்கிள் அப்படித்தான் போனது.

செவ்வாய்க்கிழமை முதல் வெல்டிங் குச்சியைப் பற்றவைத்தேன். அது இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன். இரும்பும் சேர்ந்து வந்தது. புதன்கிழமை பக்கத்து வீட்டு நீலாவதி தன் வாளியைக் கொண்டுவந்தாள். அடியில் கடுகளவு ஓட்டை. நான் வேலையை முடித்தபோது அந்த ஓட்டை வழியாக நீலாவதியின் முகம் முழுசாகத் தெரிந்தது. முகம் சரியில்லை.

“அண்ணே, இனிமே இத வாளின்னு சொல்ல முடியாது.”

வியாழக்கிழமை எங்கள் கேட்டின் கீலைச் சரிபார்த்தேன். நன்றாகவே ஒட்டியது. வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் கேட்டை ஏறிக் குதித்துத்தான் வெளியே போனோம். கத்தரீன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அதிசயம் நடந்தது.

“ஏங்க, மெஷினக் கொஞ்சம் இப்படித் திருப்பி வச்சு வெல்டிங் பண்ணுங்க.”

“எதை?”

“எதையாச்சும். ஆனா நிறுத்தாமப் பண்ணுங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டி நம்பிவிட்டாள்! முகமூடியை மாட்டினேன். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் நெருப்பைத் தவிர ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தத்தையும் மீறிப் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. லயமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. கம்பியோடு கம்பியை ஒட்டினேன். அந்த இரண்டோடு இன்னொன்றை ஒட்டினேன். இடுப்பு கெஞ்சியது.

“நல்லாருக்குங்க, இன்னும் கொஞ்சம்!” என்றாள் கத்தரீன்.

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தை வந்ததில்லை. மேலும் ஒரு மணி நேரம் ஒட்டினேன்.

கடைசியில் முகமூடியைக் கழற்றினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. மெஷினின் மறுபக்கம், ரேடியேட்டர் விசிறி காற்றை ஊதும் இடத்தில், கூரைக்கடியில் நாலு வரிசைக் கயிறு கட்டியிருந்தது. அதில் லயத்தின் அத்தனை வீட்டுத் துணியும் தொங்கியது. பத்து நாளாக மழையும் பனியும். மலையில் ஒரு கைக்குட்டைகூடக் காயவில்லை. கத்தரீனுக்கோ பாக்டரியில் சூடான காற்றை ஊதிக் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. சூடான காற்று எங்கே வந்தாலும் விடமாட்டாள். புகைக்குழாயில் ஒரு பழைய பைப்பைச் சொருகிப் புகையை வேறு பக்கம் திருப்பிவிட்டு, ஒவ்வொரு சட்டையாகக் கொழுந்தைப் போலக் கசக்கிப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் வெல்டிங்?”

“சும்மா ஓடுனா வெதுவெதுன்னுதான் ஊதுது. நீங்க வெல்டிங் பண்ணாத்தான் எஞ்சின் திணறி நல்ல சூடு வருது.”

எனக்கு வெறுத்துவிட்டது. “நாளைக்கு இரும்பு லோரியில ஏத்திரு கத்தரீன். நானே தள்ளிவிடுறேன்.”

“ஏத்துறதா? இப்பத்தானே உருப்படியா வேலை செய்யுது! லயத்துல முறை வச்சாச்சு. தினம் சாயங்காலம் ரெண்டு வீடு, ஞாயித்துக்கிழமை எல்லாரும். மழை முடியிற வரைக்கும்லா.”

தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். கத்தரீன் வந்து தோளைத் தொட்டாள். குரலில் அத்தனை கனிவு.

“எந்திரிங்க, காத்து ஆறிப்போகுது.”